வேர்ட்பிரஸ் பீட்டா வெளியீடு: நாளைத் தள்ளுவதா, வசதியைத் தள்ளுவதா?

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் மையத் திட்டத்தில், வெளியீட்டுச் சுற்றுகளின்போது டிக்கெட்டுகளை, அதாவது குறை, கோரிக்கைப் பதிவுகளைத் தரம்பிரிப்பதிலும், பீட்டா எனப்படும் முன்னோட்டத் தொகுப்புகளைச் சோதிப்பதிலும் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருந்து வருகிறேன். ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் முதல் பீட்டாவுக்கு முந்தைய வாரத்தில் ஒரே கோரிக்கை வெவ்வேறு வாய்களிலிருந்து வருகிறது: "இந்த வசதி முடியும் தறுவாயில் இருக்கிறது, இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" கேட்பவர் பெரும்பாலும் பல மாதங்கள் அதற்காக உழைத்தவர் என்பதால் அவரிடம் மறுப்புச் சொல்வது எளிதாக இருப்பதில்லை. இருந்தாலும் மறுக்கத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. என் காரணங்களை எழுதுகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் மறுத்து எழுதுங்கள்.

முதல் பீட்டா வந்த அன்றோடு அந்தச் சுற்றில் புதிய வசதிகளுக்கும் மேம்பாடுகளுக்கும் கதவு சாத்தப்படுகிறது. அதன் பிறகு உள்ளே வரக்கூடியவை பிழைத்திருத்தங்கள் மட்டுமே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு காணும் குட்டன்பெர்க் என்ற, தொகுப்பிக்கான (எடிட்டர்) செருகுநிரலிலிருந்து (வேர்ட்பிரஸோடு இணைக்கும் துணை மென்பொருள்) மையத்துக்குக் கொண்டுவரப்படும் வசதிகளுக்கும் அதே நாள்தான் எல்லை. அடுத்து ஏறத்தாழ வாரம் ஒன்றாகப் பீட்டாக்கள் வருகின்றன. அவற்றைத் தொடர்ந்து, எந்தக் குறையும் தென்படாவிட்டால் இதையே வெளியிடலாம் என்ற நிலையில் உள்ள ஆர்சி தொகுப்புகள் வருகின்றன. முதல் ஆர்சியோடு இடைமுகச் சொற்கள் உறைந்துவிடும். வெளியீட்டுக் கிளையில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும், கமிட் உரிமை (நிரலில் மாற்றத்தைச் சேர்க்கும் உரிமை) உள்ள இருவர் பார்த்து ஒப்புதல் தந்தாக வேண்டும்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியை நகர்த்திவிட்டு மற்றவற்றை அப்படியே வைத்திருந்தால், சோதனைக்கு உரிய நாள்கள்தான் குறைகின்றன. அந்தக் குறைவின் சுமை வசதியை எழுதியவர் தலையில் விழுவதில்லை. மொழிபெயர்ப்பாளர், செருகுநிரல் ஆசிரியர், தளங்களுக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தில் இரவுப் பணியில் இருப்பவர் ஆகியோரின் தலையில் விழுகிறது. அவர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை எடுத்த உரையாடலில் இருந்திருக்கவே மாட்டார்கள். காலக்கெடு மனம்போன போக்கில் வைக்கப்படுவதன்று என்று வேர்ட்பிரஸின் கொள்கைப் பக்கமே ஒரு பகுதியை ஒதுக்கிச் சொல்கிறது. எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் துணிவைத் தருவது காலக்கெடுதான் என்பதே அதன் உட்பொருள் என நான் புரிந்துகொள்கிறேன்.

தளத்துக்கு வேண்டிய எழுத்துருக்களை நிறுவி நிர்வகிக்க உதவும் எழுத்துரு நூலகம் என்ற வசதி இதற்கு நல்ல சான்று. அது 6.4 பதிப்பில் வருவதாகத் திட்டமிடப்பட்டிருந்தது. போதிய அளவு முதிரவில்லை என்று 6.5-க்கு ஒத்திவைத்தார்கள். 6.4 பதிப்பு அறிவித்தபடி 2023 நவம்பர் 7 அன்று வெளிவந்தது. அந்த முடிவை எடுத்தவர்களை நான் மதிக்கிறேன்.

வெண்பலகை எழுதியது:

ஆற்றங்கரை அவர்களுக்கு வணக்கம். நான் செருகுநிரல் எழுதிப் பிழைப்பவன். உங்கள் வாதத்தின் அடிப்படையை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் காட்டிய சான்றை இன்னும் ஒரு படி தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட அதே எழுத்துரு நூலகம்தான் 6.5 பதிப்பையும் தாமதப்படுத்தியது. 2024 மார்ச் 26 அன்று வர வேண்டிய பதிப்பு ஏப்ரல் 2 அன்று வந்தது. பதிவேற்றும் எழுத்துருக்களை எந்தக் கோப்புறையில் வைப்பது என்ற ஒரே கேள்விதான் காரணம். உள்ளடக்கக் கோப்புறையின் கீழ் தனிக் கோப்புறை ஒன்றைப் படைப்பது முதல் திட்டம். ஆனால் பல வழங்கிகளில் (சர்வர்களில்) அந்த இடத்தில் எழுதும் உரிமை கிடைக்காது, அப்லோட்ஸ் கோப்புறைக்குள் மட்டுமே கிடைக்கும். கடைசியில் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்ற துணைக் கோப்புறையே இயல்பிருப்பாக (டிஃபால்ட்டாக) அமைந்தது.

இப்போது சொல்லுங்கள், நாளைக் காப்பாற்றுவதற்காக அந்த முடிவை எடுக்காமலே வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? லட்சக்கணக்கான தளங்களில் எழுத்துருக்கள் ஓர் இடத்தில் குடியேறிய பிறகு அவற்றை இன்னோர் இடத்துக்கு மாற்றுவது யாரால் ஆகும்? கோப்பு எங்கே இருக்கிறது என்பது ஒருமுறை வெளியே போனால் திரும்ப வாங்க முடியாத வாக்குறுதி. என்னைப் போன்றவர்களின் நிரல் அந்த வாக்குறுதியை நம்பித்தான் எழுதப்படுகிறது. ஒரு வாரத் தாமதம் எனக்குச் சிறு தொல்லை. தவறான கோப்புறை எனக்குப் பத்தாண்டுத் தொல்லை.

5.9 பதிப்பையும் நினைவுபடுத்த விரும்புகிறேன். அதன் முதல் பீட்டா 2021 நவம்பர் 16 அன்று வர வேண்டியது. முழுத்தளத் தொகுப்புக்கான (தளத்தின் எல்லாப் பகுதிகளையும் தொகுப்பியிலேயே வடிவமைக்கும் வசதிக்கான) பகுதிகளில் தீராத சிக்கல்கள் இருந்ததால் அதை நவம்பர் 30-க்குத் தள்ளினார்கள். டிசம்பர் 14 அன்று வர வேண்டிய இறுதிப் பதிப்பு 2022 ஜனவரி 25 அன்று வந்தது. அந்தத் தாமதத்தால் திட்டம் கெட்டுப்போனதாக நான் கருதவில்லை.

வேர்ட்பிரஸைப் போலவே தளங்களை உருவாக்க உதவும் துருபல் திட்டத்தைப் பாருங்கள். துருபல் 8-இன் முதல் பீட்டா 2014 அக்டோபர் 1 அன்று ஆம்ஸ்டர்டாம் துருபல்கான் மாநாட்டின்போது வந்தது; முதல் ஆர்சி 2015 அக்டோபர் 7 அன்றுதான் வந்தது. தீவிரச் சிக்கல்களின் எண்ணிக்கை சுழியத்தைத் தொடும் வரை காத்திருப்போம் என்று அவர்கள் உறுதியாக நின்றார்கள். அந்தப் பொறுமைக்கு ஒரு மதிப்பு உண்டு.

நூற்கண்டு எழுதியது:

வணக்கம். நான் தமிழ் மொழிபெயர்ப்புப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கு ஒன்றும் இலங்கைத் தமிழுக்கு ஒன்றுமாக இரண்டு மொழிப் பிரிவுகள் இருப்பது பலருக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தவள் என்பதால் இரண்டாவதில் அதிகம் இயங்குகிறேன். அங்கே 'தரவிறக்கம்' என்று நாங்கள் எழுதுவதை இந்தியப் பிரிவில் 'பதிவிறக்கம்' என்று எழுதுகிறார்கள். இரண்டு பிரிவுகளிலும் பங்களிப்பவர் தொகை குறைவு. வேலையோ ஒரே அளவு.

நாள் நகர்வதைப் பற்றி நீங்கள் இருவரும் விவாதிக்கிறீர்கள். எங்களுக்கு நாளைக் காட்டிலும் முக்கியமானது, சொற்கள் எப்போது நகராமல் நிற்கும் என்பது. பீட்டா காலத்தில் ஆங்கில மூலச் சொற்றொடரில் ஒரு காற்புள்ளி மாறினாலும், மொழிபெயர்ப்புத் தளம் எங்கள் பழைய மொழிபெயர்ப்பை ஐயத்துக்குரியது என்று குறித்துவிடும். அதை ஒருவர் திறந்து, படித்து, மீண்டும் உறுதிசெய்ய வேண்டும். பெரிய அணி உள்ள மொழிகளில் இது ஒரு மாலை வேலை. எங்களுக்கு ஒரு வார வேலை.

நிரல் எழுதுபவர்களுக்குத் தமிழின் இயல்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பீட்டா கால ஒருங்கிணைப்பில் இதற்கு இடமே ஒதுக்கப்படுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவே சதவீதக் குறியோடு இடக்குறி ஒன்றை வைத்து, அங்கே எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் சரியாக நிற்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும்போது பெயரே உருமாறும். 'படம்' என்பது 'படத்தை' ஆகும், 'வீடு' என்பது 'வீட்டை' ஆகும். இடக்குறிக்குப் பின்னால் நாங்கள் 'ஐ' என்று ஒட்டினால் 'படம்ஐ' என்று திரையில் வரும். தளத்தின் தோற்ற வார்ப்பைக் குறிக்கும் 'தீம்' என்ற சொல்லோடு 'ஐ' சேர்ந்தால் 'தீமை' என்று ஆகி வேறு பொருளைத் தந்துவிடுகிறது. ஆகவே உருபு தேவைப்படாதபடி வாக்கியத்தையே திருப்பி எழுதுகிறோம்: 'நீக்கப்பட்டது:' என்று தொடங்கிப் பெயரைக் கடைசியில் வைக்கிறோம். இதற்கு யோசிக்க நேரம் வேண்டும். அந்தச் சொற்றொடர் திரையில் எங்கே வருகிறது என்று பார்க்கப் பீட்டா தொகுப்பும் வேண்டும்.

சூழல் குறிப்பு இல்லாத ஒற்றைச் சொற்கள் இன்னொரு தொல்லை. 'ஆர்டர்' என்ற ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் வரிசை, கடை வைத்திருப்பவரின் செருகுநிரலில் கொள்முதல் ஆணை. 'போஸ்ட்' என்பது இடுகையா, வெளியிடு என்ற ஏவலா? நிரலில் சூழலைச் சேர்த்துச் சொல்ல வழி இருக்கிறது, ஆனால் அவசரமாக உள்ளே வரும் வசதிகளில் முதலில் விடுபடுவது அந்தக் குறிப்புத்தான். அதனால் ஆற்றங்கரை அவர்களின் பக்கமே நான் சாய்கிறேன். கடைசி இரண்டு நாளில் உள்ளே தள்ளப்பட்ட ஒரு வசதி, குறிப்பில்லாத இருபது சொற்களை எங்கள் மேசையில் இறக்கிவிட்டுப் போகிறது.

5.0 பதிப்பை நான் மறக்கவில்லை. 2018 நவம்பர் 19 என்றார்கள், பிறகு 27 என்றார்கள், கடைசியில் டிசம்பர் 6 அன்று வந்தது. அந்த நாளைச் சில நாள்களுக்கு முன்புதான் அறிவித்தார்கள். மறுநாள் நாஷ்வில்லில் வேர்ட்கேம்ப் யுஎஸ் மாநாடு தொடங்கியது. புதிய தொகுப்பியின் சொற்கள் முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் இருந்தன. அவற்றுக்கான மொழிக்கோப்பு முறையே அந்தப் பதிப்பில்தான் புதிதாக வந்தது. நாள் எப்போது என்று தெரியாமல் மூன்று வாரம் விழித்திருந்தோம். தாமதம் எங்களுக்கு உதவியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். உதவவில்லை, ஏனெனில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

கண்காணி எழுதியது:

நான் ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் வழங்கிகளைப் பராமரிக்கும் பணியில் இருக்கிறேன். இதுவரை சொல்லப்படாத ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன்.

பீட்டா ஒருங்கிணைப்பு என்றால் எதை வெளியிடுவது என்பதோடு, எது வெளியே போய்விடக் கூடாது என்பதும் அடங்கும். 2020 அக்டோபர் 29 அன்று 5.5.2 பதிப்பு வந்தது. தரவுத்தள இணைப்பு இன்னும் அமைக்கப்படாத புத்தம்புதுத் தளத்தில் அதை நிறுவ முடியவில்லை என்பது தெரியவந்ததும், திருத்தம் தயாராகும் வரை 5.5.2 பரவாமல் இருக்கட்டும் என்று அதன் பதிவிறக்கத்தை நிறுத்தினார்கள். எண்ணம் சரியானதே. ஆனால் தானியங்கிப் புதுப்பிப்புக்கு விடை தரும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி), 5.5.2 இல்லையென்றானதும் அதற்கடுத்து இருந்த 5.5.3-ஆல்பாவை, அதாவது இன்னும் முடிக்கப்படாத தொகுப்பை, சில தளங்களுக்கு அனுப்பிவிட்டது. உரிமையாளர் கேட்காமலே நேரலைத் தளங்கள் ஆல்பா பதிப்புக்குப் போயின. ஆல்பா தொகுப்பில் இயல்பிருப்புத் தீம்களும் அகிஸ்மெட் என்ற எரிதத் தடுப்புச் செருகுநிரலும் சேர்ந்தே இருப்பதால் அவையும் அந்தத் தளங்களில் நிறுவப்பட்டன. மறுநாளே 5.5.3 வந்து நிலைமை சீரானது, தளங்கள் உடைந்துபோகவில்லை. ஆயினும் அன்று காலை எங்கள் வாடிக்கையாளர்கள், யாரோ தங்கள் தளத்துக்குள் புகுந்துவிட்டதாக எண்ணி எங்களை அழைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. தொகுப்பைக் கட்டுவது, பதிவிறக்கப் பக்கத்தில் வைப்பது, ஏபிஐயில் அறிவிப்பது ஆகிய மூன்றும் மூன்று தனிச் செயல்கள். ஒவ்வொன்றையும் யார் செய்கிறார், யார் பார்த்து உறுதிசெய்கிறார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நெருக்கடியில் செய்யும் ஒரு சிறு மாற்றத்துக்கும் இரண்டாவது கண் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 6.4 வந்ததும் உடனடியாக 6.4.1 வந்தது. இணையத்தில் பிற வழங்கிகளோடு தொடர்புகொள்ள உதவும் கர்ல் நூலகத்தின் 7.29 போன்ற மிகப் பழைய பதிப்பு உள்ள வழங்கிகளில் வெளிக்கோரிக்கைகள் தோற்றன, புதுப்பிப்புகள் இறங்கவில்லை. பீட்டாக்கள், ஆர்சிகள் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குறை எப்படி வெளியே வந்தது? சோதிப்பவர்களின் கணினிகள் அனைத்தும் புதியவை. பழைய கர்ல் அவர்களிடம் இல்லை. எங்களிடம் இருந்தது. நாங்கள் பீட்டாவை அந்த வழங்கிகளில் ஓட்டிப் பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். அதை நாங்கள் செய்யாதது எங்கள் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு பீட்டாவையும் எங்களிடம் உள்ளவற்றில் மிகப் பழைய வழங்கியில் முதலில் நிறுவுகிறோம்.

ஆற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வெண்பலகை அவர்களின் மறுப்பு என் நிலைப்பாட்டைத் திருத்திக்கொள்ளச் செய்கிறது. எவ்வளவு தூரம் என்பதைச் சொல்கிறேன்.

5.9 பதிப்பின் நாள்களை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். பீட்டா நகர்ந்தது 14 நாள்; இறுதிப் பதிப்பு நகர்ந்தது 42 நாள். அதாவது, முன்னால் இழந்த நேரத்தைப் பின்னால் சோதனைக் காலத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை. ஆண்டிறுதி விடுமுறையில் ஆள் கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதிகமாகவே கொடுத்தார்கள். முடிவை பீட்டா வெளிவருவதற்கு முன்பே எடுத்தார்கள், புதிய நாள்கள் அனைத்தையும் ஒரே அறிவிப்பில் சொன்னார்கள். இப்படிப்பட்ட நகர்வை நான் எதிர்க்கவில்லை. 5.0-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. நூற்கண்டு அவர்கள் சொன்னதுபோல, அங்கே தாமதத்தைக் காட்டிலும் அடுத்த நாள் எது என்று தெரியாமை அதிகம் தொல்லை தந்தது.

6.5-இன் தாமதம் வேறு வகை. ஒருமுறை வெளியே போனால் திரும்ப வாங்க முடியாத முடிவுக்காகக் கடைசிக் கட்டத்தில் நிறுத்தினார்கள். அதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தக் கேள்வி முதல் பீட்டாவிலேயே ஹோஸ்டிங் தரப்பினரின் கைக்குப் போயிருந்தால், ஒரு மாதம் முன்னதாகவே முடிந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். அந்தச் சுற்றின் முதல் பீட்டா பிப்ரவரி 13 அன்று வந்தது. கோப்பு எங்கே எழுதப்படுகிறது, தரவுத்தளத்தில் எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது, பொது ஏபிஐயின் பெயர் என்ன என்பன போன்ற மீளமுடியாத முடிவுகளைத் தனியே பட்டியலிட்டு, பீட்டாவுக்கு முன்பே செருகுநிரல் ஆசிரியர்களிடமும் வழங்கி பராமரிப்பவர்களிடமும் கேட்டுவிட வேண்டும். பொத்தானின் நிறம் பிறகு மாறலாம்.

துருபலைப் பற்றி ஒரு வார்த்தை. துருபல் 8 வந்தது 2015 நவம்பர் 19 அன்று. அதன் பிறகு அதே திட்டம் ஆறு மாதத்துக்கு ஒரு சிறுபதிப்பு என்ற நாட்காட்டிக்கு மாறியது, 8.1 பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. பீட்டாவிலிருந்து இறுதி வெளியீடு வரை பதின்மூன்று மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தவர்களே நாள் குறித்து வெளியிடும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்காணி அவர்கள் சொன்ன மூன்று தனிச் செயல்கள் குறித்து: பீட்டா வெளியிடும் அந்த ஒரு மணி நேரத்தை இதுவரை பார்க்காதவர்களுக்காக விவரிக்கிறேன். ஸ்லாக் என்ற உரையாடல் செயலியில் மையக் குழுவின் தடத்தில், அறிவித்த நேரத்தில் எல்லோரும் கூடுகிறார்கள். உலகப் பொது நேரம் பிற்பகல் 4 மணி என்றால் நமக்கு இரவு 9.30. ஒருங்கிணைப்பாளர் தொடக்கம் சொன்னதும், இனி யாரும் கமிட் செய்ய வேண்டாம் என்ற அறிவிப்பு வருகிறது. தானியங்கிச் சோதனைகள் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, கமிட் உரிமை உள்ள ஒருவர் பதிப்பு எண்ணை மாற்றுகிறார். தொகுப்பு கட்டப்பட்டு, ஜிப் கோப்பின் முகவரி தடத்தில் இடப்படுகிறது. அடுத்த பதினைந்து இருபது நிமிடங்கள் கூடியிருக்கும் அனைவருக்கும் உரியவை. புதிதாக நிறுவிப் பார்ப்பவர், பழைய பதிப்பிலிருந்து புதுப்பிப்பவர், பலதள அமைப்பில் பார்ப்பவர், டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவியால் இறக்குபவர் என்று ஆளுக்கொன்றைச் செய்து முடிவைத் தடத்தில் எழுதுகிறார்கள். போதிய உறுதிகள் வந்த பிறகே செய்திப் பக்கத்தில் அறிவிப்பு ஏறுகிறது, கமிட் தடை நீங்குகிறது. எந்தத் தகுதியும் கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொள்ளும் இடம் அது. நம்மவர்கள் அங்கே அதிகம் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

புதுவரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவன். எங்கள் ஊர் நூலகத்தின் தளத்தை வேர்ட்பிரஸில் நான்தான் நடத்துகிறேன். இந்தச் சுற்றின் பீட்டாவைச் சோதிக்க ஆசைப்படுகிறேன், ஆனால் நிரல் எழுதும் அனுபவம் எனக்குக் குறைவு. நூலகத் தளத்திலேயே பீட்டாவை ஏற்றிப் பார்க்கலாமா? குறை கண்டால் அதை எப்படி எழுதுவது?

கண்காணி எழுதியது:

தம்பி, நூலகத் தளத்தில் கண்டிப்பாக ஏற்ற வேண்டாம். பீட்டாவிலிருந்து பழைய பதிப்புக்குத் திரும்புவது எப்போதும் சுமுகமாக அமையாது, தரவுத்தளம் மாறியிருக்கக்கூடும். அந்தத் தளத்தைப் படியெடுத்து, வேறொரு முகவரியில் அல்லது உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் 'பீட்டா டெஸ்டர்' செருகுநிரலை நிறுவினால் புதிய பீட்டாக்கள் தாமாகவே வரும். எதையும் நிறுவாமல் ஒரு பார்வை பார்க்க மட்டும் வேண்டுமென்றால், உலாவியிலேயே இயங்கும் 'பிளேகிரவுண்ட்' போதும். பிழைகாட்டும் அமைப்பை இயக்கி வைத்துவிட்டு, நூலகத்தில் நீங்கள் அன்றாடம் செய்யும் வேலைகளையே செய்யுங்கள்: புத்தகப் பட்டியலைச் சேர்ப்பது, படம் ஏற்றுவது, பழைய இடுகையைத் திருத்துவது. சோதனையாளர் பட்டியலில் இல்லாத குறைகள் இப்படித்தான் அகப்படுகின்றன.

ஆற்றங்கரை எழுதியது:

கண்காணி அவர்கள் சொன்னதோடு, குறையை எழுதும் முறையைச் சேர்க்கிறேன். முதலில் அதே செயலை இப்போதுள்ள நிலையான பதிப்பில் செய்து பாருங்கள். அங்கே சரியாக இருந்து பீட்டாவில் மட்டும் கெட்டிருந்தால், அது இந்தச் சுற்றில் புகுந்த பின்னடைவு. அதற்குத்தான் முதல் கவனம் கிடைக்கும். இரண்டிலும் கெட்டிருந்தால் அது பழைய குறை. பிறகு எல்லாச் செருகுநிரல்களையும் அணைத்து, இயல்பிருப்புத் தீமில் ஒருமுறை பாருங்கள். ட்ராக் என்ற டிக்கெட் பதிவுத் தளத்தில் ஏற்கெனவே டிக்கெட் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதி, பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழி) பதிப்பு, உலாவி, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவற்றை இணையுங்கள். ஆங்கிலம் எளிமையாக இருந்தால் போதும். பாதுகாப்புக் குறை என்று ஐயம் வந்தால் மட்டும் ட்ராக்கில் எழுதாதீர்கள், அது எல்லார் கண்ணிலும் படும். அதற்கென ஹேக்கர்ஒன் தளத்தில் தனி வழி இருக்கிறது.

நூற்கண்டு எழுதியது:

புதுவரவு தம்பிக்கு என் வேண்டுகோள் ஒன்று: தளத்தின் மொழியைத் தமிழாக வைத்துச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் சோதிக்க உலகமே இருக்கிறது. தொகுப்பியின் பக்கப்பட்டை 280 பிக்சல் அகலமே உடையது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்தில் முடியும் சொல் தமிழில் அந்த அகலத்தில் அடங்குகிறதா, இரண்டாவது வரிக்குப் போனால் மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும்.

வெண்பலகை எழுதியது:

மீளமுடியாத முடிவுகளின் பட்டியல் என்ற யோசனையை மனமார ஏற்கிறேன். முதல் ஆர்சியை ஒட்டி வெளிவரும் கள வழிகாட்டியில் மேம்பாட்டாளர் குறிப்புகள் அனைத்தும் தொகுக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அது எனக்கு அறிவிப்பாக வருகிறது, கேள்வியாக வருவதில்லை. அதே குறிப்புகள் பீட்டாவுக்கு முன்பே அரைகுறையாக வந்தாலும் எனக்கு அதிகப் பயன்.

என் பக்கத்துக் கடமையையும் சொல்ல வேண்டும். என் செருகுநிரல் இந்தப் பதிப்பு வரை சோதிக்கப்பட்டது என்ற எண்ணை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வரும்போது, பல முறை எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன், சோதித்ததில்லை. இந்தச் சுற்றில் இரண்டாவது பீட்டாவிலேயே என் தானியங்கிச் சோதனைகளை ஓட்டி, முடிவைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. முதல் பீட்டாவுக்குப் பிறகு ஒரு வசதி தரமாக இல்லை என்று தெரிந்தால், அதைத் திருத்த முயல்வதைக் காட்டிலும் முழுவதுமாக எடுத்துவிடும் துணிவும் வேண்டும். நாளைக் காக்க வேண்டும் என்பவர்கள் எடுத்துவிடும் வேலையையும் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும், ஏனெனில் சேர்ப்பதை விட எடுப்பது பல நேரங்களில் கடினம்.

ஆற்றங்கரை எழுதியது:

அது உண்மை. வசதியைச் சேர்க்கும்போதே அதை எடுக்கும் நிரல்மாற்றத்தையும் தயாராக வைத்திருக்கச் சொல்லி, அடுத்த சுற்றின் தரம்பிரிப்புக் கூட்டத்தில் கேட்கிறேன்.

புதுவரவு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் ஆர்சி வந்ததும் நூலகத் தளத்தின் படியில் தமிழில் சோதித்தேன். நூற்கண்டு அக்கா சொன்னதுபோலவே பக்கப்பட்டையில் ஒரு பொத்தானின் தமிழ்ச் சொல் இரண்டு வரியாகி, கீழ் வரியின் உகரச் சுழிகள் வெட்டுப்படுகின்றன. செருகுநிரல்களை அணைத்தும், இயல்பிருப்புத் தீமிலும் அப்படியே. நிலையான பதிப்பிலும் பார்த்தேன், அங்கேயும் அதே குறை இருக்கிறது. திரைப்பிடிப்புகளோடு டிக்கெட் திறந்திருக்கிறேன். வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். இதை இந்தப் பதிப்பிலேயே சேர்த்துவிட முடியுமா? ஒரே ஒரு வரி மாற்றம்தான்.

ஆற்றங்கரை எழுதியது:

தம்பி, டிக்கெட்டைப் படித்தேன். மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நிலையான பதிப்பிலும் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னதற்குத் தனியாக நன்றி. முதல் ஆர்சிக்குப் பிறகு இந்தச் சுற்றில் புகுந்த பின்னடைவுகளை மட்டுமே திருத்துகிறோம், இது அந்த வகையில் வராது. தமிழுக்கான திருத்தம் என்பதால் கேட்டுப் பார்க்கலாமா என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வரி உயரம் எல்லா மொழிகளின் பொத்தான்களையும் தொடும். அவற்றையெல்லாம் பார்க்க இப்போது ஆளும் இல்லை, நாளும் இல்லை. அடுத்த பதிப்புக்கான வேலைப்பட்டியலில் (மைல்ஸ்டோனில்) வைத்திருக்கிறேன்.

நூற்கண்டு, உங்களால் இயன்றால் அதே பொத்தானை இலங்கைத் தமிழில் படமெடுத்து டிக்கெட்டில் சேருங்கள். மலையாளத்திலும் தாய்லாந்தின் தாய் மொழியிலும் எப்படி வருகிறது என்று அந்தந்த அணிகளிடம் இன்று இரவு கேட்கிறேன். புதுவரவு தம்பி, அடுத்த சுற்றுக்கான வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே நிரல்மாற்றத்தை நீங்களே அனுப்புங்கள். செய்யும் முறையைப் பக்கத்தில் இருந்து சொல்லித் தருகிறேன்.

நூற்கண்டு எழுதியது:

படம் சேர்த்துவிட்டேன். எங்கள் பிரிவில் சொல் இன்னும் நீளம், மூன்று வரியாகிறது.